ஏழாவது ரீலைச் சுற்றியவர்

போன மாதம் என் அக்காவின் கணவர் இறந்துபோனார். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எழுந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பொறுமைசாலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு ஒரே வீட்டில் அத்தனை வருடம் காலம் தள்ளியவன் நான். அவர் பொறுமைசாலி இல்லை, சரியான பிடிவாதக்காரர். அதை அவர் மெதுவாகச் செய்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சினிமாக் கொட்டகையில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போடுவார், பிறகு கீழிருந்து மேலாக ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். "வீடு பத்தி எரிஞ்சாலும் செருப்பை ஜோடி பாத்து மாட்டிட்டுத்தான் இவரு வெளியே வருவாரு" என்பாள் அக்கா. நான் அவருக்கு நேர் எதிர். சாப்பாடு ஆறும்வரைகூடக் காத்திருக்கத் தெரியாதவன்.

பதின்மூன்று வயதில் அவர் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றும் வேலை. கொஞ்சம் வேகமானால் காகிதம் கசங்கும், கொஞ்சம் மெதுவானால் மை அப்பும். பத்து வருடம் அப்படிச் சுற்றியதில் அவருடைய வலது கை உடம்போடு சேராத தனி ஆளாகவே ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருந்தாலும், இருமினாலும், ஒருமுறை ஏணி சரிந்து பக்கத்தில் விழுந்தபோதும் அந்தக் கை அதன்பாட்டுக்குச் சுற்றியதாம். நோட்டீஸ் அடிக்க வந்த கொட்டகை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நோட்டீஸோடு இவரையும் கூட்டிப்போய்விட்டார்.

அந்தக் காலத்தில் படம் பேசாது. எங்கள் கொட்டகை மெஷினுக்கு மோட்டாரும் கிடையாது. ஆப்பரேட்டர் கைப்பிடியைச் சுற்றினால்தான் திரையில் ஆள் நடப்பான். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் மனிதன் மனிதனாக நடப்பான். மூன்று சுற்று என்றால் கோழி மாதிரி ஓடுவான். இது பார்க்க வருகிற ஜனங்களுக்குத் தெரியாது. நடிகன்தான் அப்படி நடக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் திரைக்கு அடியில் பியானோ வாசித்தேன். நல்ல பியானோ என்று சொல்ல மாட்டேன். இரண்டு கட்டைகள் அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி வராது. நான் உட்காரும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் திரையில் இருப்பவர்கள் எல்லாரும் கொக்கு மாதிரி நீண்டு தெரிவார்கள், யார் முகமும் விளங்காது. வேகமாக ஓடுகிறார்களா, மெதுவாக நடக்கிறார்களா என்று மட்டும் பார்த்து அதற்கேற்ப வாசிப்பேன். அக்கா காலையில் வந்து, அறுந்த பிலிமைக் கத்தரியும் பசையும் வைத்து ஒட்டிக் கொடுப்பாள். ஆக, குடும்பமே அந்தக் கொட்டகையை நம்பித்தான் இருந்தது. அம்மா மட்டும் உள்ளே கால் வைத்ததில்லை. அவள் துறைமுகக் கிடங்கில் சாக்குத் தைத்தாள். "பகல்ல இருட்டுக்குள்ள போயி உக்காரணுமா? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பாள்.

எங்கள் ஊர் ஒரு தீவு. நான் அங்கே மூன்று வயதுவரைதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கப்பலில் வந்தவர்கள் அதைப் பிடித்தார்கள். சில வருடம் கழித்து ஆண்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள், கடற்கரையில் சுடப்பட்டார்கள். அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். எட்டு வயது அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா இந்த ஊருக்கு வந்தாள். அப்பாவைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதானபோது அந்தப் படம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கழித்து நான் ஏன் அதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? கதை இதுதான். ஒரு கேப்டன் மூன்று கப்பலோடு ஒரு தீவில் வந்து இறங்கிக் கொடி நடுகிறான். தீவுத் தலைவனின் மகள் அவனைப் பார்த்ததும் காதலில் விழுகிறாள். இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. தீவுக்காரர்கள் கலகம் செய்யத் திட்டம் போட, அவள் ஓடிப்போய்க் கேப்டனிடம் சொல்லிவிடுகிறாள். ஏழாவது ரீலில் அத்தனை பேரும் கரையில் சுடப்படுகிறார்கள். எட்டாவது ரீலில் அவள் கேப்டனோடு கப்பலேறிப் புன்னகை செய்கிறாள். அந்தப் பெண் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரி. ஆனால் சுடப்பட்டு விழுகிறவர்கள் எங்கேயோ ஒரு நிஜத் தீவில் பிடித்துவந்த நிஜ ஆட்கள்.

படம் எட்டு ரீல். ஒழுங்காகச் சுற்றினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதலாளிக்கு ஒரு நாளைக்கு ஐந்து காட்சி வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அத்தானின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"ஒன்றரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் போச்சுன்னா நீ திரும்ப அச்சாபீஸுக்கே போயிடலாம். ஆனா ஒண்ணு, காதல் சீன்ல மட்டும் கை வைக்காதே. அதுக்குத்தான் ஜனம் வருது."

"சரிங்க" என்றார் அத்தான். அவர் அப்போது படத்தை முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

முதல் நாள் கூட்டம் நெரிந்தது. காதல் காட்சிகளை நிதானமாகவும் மற்றதையெல்லாம் விரட்டியும் ஓட்டினார். ஏழாவது ரீலில் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. மரங்களுக்குள்ளிருந்து முப்பது பேர் குடுகுடுவென்று ஓடிவந்தார்கள், பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். முன்னால் வந்தவன் சோப்பில் வழுக்கியவன் போல முழங்காலில் சரிந்து, எழுந்து, திரும்ப விழுந்தான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. தலைக்கு மேலே ஏதோ வேகமாக ஓடுகிறதே என்று குதிரை ஓட்டத்துக்கு வாசிக்கிற ஒரு துள்ளல் மெட்டை வெளுத்து வாங்கினேன். சிரிப்பு கூடக் கூட எனக்கும் விரல் பறந்தது.

அன்று இரண்டாவது காட்சியைப் பார்க்க அக்கா பக்கவாட்டுக் கதவோரம் வந்து நின்றாள். புதுப் பிலிம் எங்கேயும் அறுகாததால் அதுவரை அவள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஏழாவது ரீல் பாதியிலேயே வெளியே போய்விட்டாள்.

கடைசிக் காட்சி முடிந்து வீட்டுக்குப் போனோம். அக்கா கதவருகேயே நின்றிருந்தாள்.

"எப்படி உங்களுக்கு மனசு வந்துச்சு?" என்று கணவரைக் கேட்டாள். "அதுல விழறவங்க யாருன்னு பாத்தீங்களா? எங்க அப்பா மாதிரி ஆளுங்க. ஊரே சிரிக்குது."

நான் உடனே அக்கா பக்கம் சேர்ந்துகொண்டேன். "நான் அப்பவே நினைச்சேன். அத்தான், நீங்க கொஞ்சம் மெதுவாச் சுத்தியிருந்தா…"

அத்தான் காலணியை அவிழ்த்து ஜோடி சேர்த்து வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "நீ என்ன வாசிச்சே, தம்பி?"

நான் வாசித்த மெட்டு அப்போதும் என் விரலில் துடித்துக்கொண்டுதான் இருந்தது. என் அப்பாவைப் போன்றவர்கள் செத்து விழுந்ததற்கு நான் குதிரைப் பாட்டு வாசித்திருந்தேன். வெட்கத்தில் எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது.

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். கையில் சாக்கு ஊசி. "கிடங்குல பேசிக்கிட்டாங்க. ஏதோ தீவுப் படமாமே. கரையில சுடறதைக் காட்டறாங்களாமே. சனிக்கிழமை எனக்கு அரை நாள். நான் வரேன்."

மூவரும் மாற்றி மாற்றித் தடுத்துப் பார்த்தோம். படம் நன்றாக இல்லை என்றேன். பெஞ்சில் மூட்டைப்பூச்சி என்றாள் அக்கா. அது உண்மைதான். கடைசியில் நான் சொன்னேன்: "அம்மா, அது நம்ம தீவு இல்ல. எல்லாம் வேஷம்."

"வேஷமாவே இருக்கட்டும். உங்க அப்பா விழுந்ததை நான் பாக்கல. மேட்டுக்குப் பின்னால உங்க ரெண்டு பேர் வாயையும் பொத்திக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன். சத்தம்தான் கேட்டேன். ஒரு மனுஷன் எப்படி விழுவான்னு ஒரு தடவை பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

அன்று புதன்கிழமை. முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், நாங்கள் இருவரும் வந்ததும் சொன்னார்: "சனிக்கிழமை அத்தை உக்காந்திருக்கும்போது அந்த இடத்துல ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

"எப்படி?" என்றேன். "முதலாளிக்கு ஒன்றரை மணி. காதல் சீனைத் தொடக் கூடாது. கரையில மெதுவா ஓட்டினா நேரம் எங்கேயிருந்து வரும்?"

"அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கலாம்."

"யார்கிட்ட?"

"கேப்டன்கிட்ட. அவன் வந்து இறங்கறது, கொடி நடறது, பட்டாளம் அணிவகுக்கறது, கவர்னர் விருந்து, எல்லாத்துலயும் இருந்து. நம்மகிட்ட இருந்து எவ்வளவோ எடுத்துட்டாங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம் திருப்பித் தரட்டும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை கொட்டகை திறக்கும் முன்னே போனோம். முதலாளி கணக்குப்படி ரீலுக்குப் பதினோரு நிமிடம். ஏழாவது ரீலை உள்ளபடி ஓட்டப் பதினாறு ஆனது. விழுகிற இடத்தை இன்னும் ஒரு மயிரிழை மெதுவாக்கினால் பதினேழு. அதிலும் ஆபத்து இருந்தது. விளக்குச் சூட்டில் பிலிம் மெதுவாகப் போனால் பொங்கித் தீப்பிடிக்கும். பிடித்தால் அந்த அறைக்கு ஒரே கதவு. அத்தான் விளக்கை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளினார். படம் மங்கி, கரையில் பொழுது சாய்வது போலத் தெரிந்தது. அக்கா காலிக் கொட்டகையில் நடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் மெஷின் அறைப் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினாள்.

எங்கே வேகம், எங்கே நிதானம் என்று ஒன்றரை மணி நேரத்துக்கும் மனப்பாடம் செய்ய முடியாது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பிலிமைச் சுற்றி வைக்கும்போதே இடையில் காகிதத் துண்டு சொருகிவிடுவது. ரீல் ஓடும்போது அந்த இடம் வந்ததும் துண்டு தானாகக் கீழே விழும். வெள்ளைத் துண்டு விழுந்தால் விரட்ட வேண்டும், மஞ்சள் விழுந்தால் நிதானம். கேட்கப் பிரமாதமாக இருந்தது. வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் செய்து பார்த்தோம்.

மானம் கப்பலேறிவிட்டது. மெஷின் அறையில் விளக்குப் பெட்டியின் இடுக்கிலிருந்து வருகிற வெளிச்சமே மஞ்சள். அதில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும். கவர்னர் விருந்தை அத்தான் இழவு வீட்டுச் சாப்பாடு போல ஆக்கிவிட்டார். காதல் காட்சியில் கேப்டனும் அவளும் மரங்கொத்தி மாதிரி முத்தமிட்டுக்கொண்டார்கள். ஜனங்கள் விசில் அடித்தார்கள். முதலாளி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"உனக்கு என்ன ஆச்சு? கையில வாதமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவேன்."

"இனிமே ஆகாதுங்க" என்றார் அத்தான்.

முதலாளி போனதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் விட்டுவிடலாம் என்றேன். அம்மாவைச் சனிக்கிழமை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்றுகூடச் சொன்னேன். பயத்தில் மனிதன் என்னென்னவோ பேசுவான். அத்தான் தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"நிறம் வேண்டாம்" என்றார். "ஒண்ணு விழுந்தா வேகம். ரெண்டு சேந்து விழுந்தா நிதானம்."

மற்றக் காட்சிகளை முதலாளி கேட்டபடியே ஓட்டிவிட்டு, இரவு காலிக் கொட்டகையில் மறுபடி செய்து பார்த்தோம், பிசகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அவளை நடு பெஞ்சில் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் பியானோ முன்னால் உட்காரப் போனபோது வாசலில் ஒரே பரபரப்பு. வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் ஏழெட்டுப் பேர், மனைவிமாரோடு பால்கனிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். தங்கள் பெருமையைச் சொல்லும் படம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். முதலாளி வளைந்து வளைந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஓடினேன். "அத்தான், அவங்க வந்திருக்காங்க. இன்னைக்கு வேண்டாம். அடுத்த காட்சிக்கு வச்சிக்கலாம்."

அவர் முதல் ரீலை மாட்டிக்கொண்டிருந்தார். "அத்தை வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அப்ப போயி உன் இடத்துல உக்காரு."

கேப்டன் இறங்கினான். மூன்று கப்பல்களும் வாத்துக் குஞ்சுகள் போல விறுவிறுவென்று கரைக்கு வந்தன. பட்டாளம் அணிவகுத்தபோது கால்கள் கத்தரிக்கோல் மாதிரி அடித்துக்கொண்டன. கொடி ஒரே எம்பில் உச்சிக்குப் போய் அங்கே நடுநடுங்கியது. கொட்டகை கொல்லென்று சிரித்தது. எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை நான் என் ஆட்களுக்கு வாசித்த அதே குதிரை மெட்டை எடுத்துக் கேப்டனுக்கு வாசித்தேன். விருந்தில் கவர்னர் கோழி கொத்துவது போலச் சாப்பிட்டபோது ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து நழுவினார். காதல் காட்சிகள் முதலாளி விரும்பியபடியே நிதானமாகப் போயின. பால்கனியில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ஏழாவது ரீல் வந்தது. நானும் அக்காவும் பேசிவைத்தபடி கனத்த கட்டைகளில் மெதுவாக ஏதோ வாசித்தேன். தீவுக்காரர்கள் கூடினார்கள். அந்த நாலு நாளில் ஜனங்களுக்கு முன்னால் முதல்முறையாக அவர்கள் மனிதர்களைப் போல நடந்தார்கள். மரங்களுக்குள்ளிருந்து அவர்கள் வெளியே வந்தபோது மேலே மெஷினின் சத்தம் தணிவது கேட்டது. நான் அண்ணாந்தேன். கொக்கு மாதிரி நீண்டுதான் தெரிந்தார்கள், ஆனாலும் முன்னால் வந்தவனின் முகம் எனக்கு விளங்கியது. முப்பது வயதிருக்கும். என் அப்பாவுக்கு அப்போது அந்த வயதுதான். என் கை கட்டையிலிருந்து தானாக எழுந்துவிட்டது. திரும்ப வைக்க என்னால் முடியவில்லை.

கொட்டகையில் மெஷினின் டிக்டிக் மட்டும் கேட்டது. முன்னால் வந்தவன் நின்றான். ஒரு முழங்கால் மணலில் பதிந்தது. கையை ஊன்றினான், எழுந்தான், இரண்டு அடி நடந்தான், பிறகு படுத்துக்கொள்கிறவன் மாதிரி விழுந்தான். பின்வரிசையில் இதே படத்தை மூன்றாவது தடவை பார்க்கிற ஒருவன் பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்தான். ஒரு 'ஹெ' வெளியே வந்தது. கூட யாரும் சேராததால் அவன் இருமுவது போல நிறுத்திக்கொண்டான். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. முப்பது பேரும் விழுந்து முடியும்வரை இல்லை.

அக்கா பிறகு சொன்னாள்: துப்பாக்கிகள் நிமிர்ந்ததும் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாளாம், பேசாத படத்துக்கு. கொஞ்சம் கழித்து ஒரு கையை எடுத்தாளாம், அப்புறம் இன்னொன்றை.

படம் முடிந்ததும் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. அக்கா மெஷின் அறைக்கு ஓடி, தரையிலிருந்த காகிதத் துண்டுகளை ஒன்று விடாமல் பெருக்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். அன்று மட்டுமல்ல, அதன் பிறகும் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்தார். படத்தில் எதையோ வெட்டியிருக்கிறார்கள், பட்டாளத்தைக் கேலிசெய்ய எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று புகார். எட்டு ரீலையும் அடியடியாக அளக்கச் சொன்னார். அனுமதிச் சீட்டில் இருந்த நீளத்துக்கு ஓர் அடி கூடவில்லை, ஓர் அடி குறையவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் காட்டும்படி அத்தானிடம் சொல்லிக் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். அத்தான் விநாடிக்கு இரண்டு சுற்றாக, கால் மணி நேரம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சுற்றினார். அதிகாரி கடைசியில் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அது நின்றுவிட்டதோ என்று சந்தேகம் போலிருக்கிறது. பிறகு போய்விட்டார்.

ஆனால் முதலாளி ஒன்றும் காதில் பூச் சுற்ற விடுகிறவர் அல்ல. யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து மெஷினுக்கு மோட்டார் வந்து இறங்கியது.

"இது யார் பக்கமும் சாயாது" என்றார் அத்தானிடம். "நீ நல்லவன்தான். ஆனா உன் கையை நம்பி என்னால கொட்டகை நடத்த முடியாது."

அத்தான் மறுபடி அச்சகத்துக்குப் போனார். சக்கரத்துக்கும் மோட்டார் வரும்வரை சுற்றினார், அப்புறம் காகிதம் அடுக்கினார், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். அதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை போன அன்று மத்தியானம் நாங்கள் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள்.

"ஒன்பது வருஷ வேலை. போச்சு. எல்லாம் ஒரு கால் மணி நேரத்துக்காக. இதுல என்ன மிச்சம்? யாராவது சொல்லுங்க."

அவள் கணவரைத் திட்டவில்லை, யோசனை அவளுடையதும்தானே. அவளுக்குப் பயமாக இருந்தது. அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை" என்றாள். "அன்னைக்கு மேட்டுக்குப் பின்னால நான் சத்தம் கேட்டேன்னு சொன்னேன்ல. எல்லாரும் துப்பாக்கிச் சத்தம்னு நினைச்சிருப்பீங்க. அது இல்ல. துப்பாக்கி நின்னதும் சிரிச்சாங்க. கரையில நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. எதுக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அவரு விழுந்த விதத்தைப் பாத்தா இருக்கும். இருபத்திரண்டு வருஷமா துப்பாக்கி எனக்குக் கேக்கல, அதுதான் கேட்டுச்சு. சாக்குத் தைக்கும்போதும் கேக்கும், உங்க கல்யாணத்துலயும் கேட்டுச்சு."

அம்மா சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"அன்னைக்குக் கொட்டகையில அந்த இடம் வந்துச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் எடுத்துட்டுக் கேட்டேன். யாரும் சிரிக்கல. அத்தனை பேரு உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் சிரிக்கல. அதுக்கப்புறம் எனக்கு அது கேக்கறதில்ல, மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

அத்தான் சட்டென்று எழுந்தார். தட்டு கவிழ்ந்தது. அதைப் பார்க்காமல், செருப்பையும் மாட்டாமல், மடமடவென்று முற்றத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.